டிரைவர் முனிகிருஷ்ணன் சொன்ன பொய்

குளிர்பெட்டியின் ஒயர் பிளக் வரைக்கும் எட்டவில்லை. தேவயானி இழுத்துப் பார்த்தாள். பெட்டியைக் கொஞ்சம் சுவரோரமாக நகர்த்தலாமே என்றாள். நகர்த்தினால் தலைமாடு திசை மாறிவிடும் என்று ஆளாளுக்குச் சொன்னார்களே தவிர, பெட்டியில் கை வைக்க ஒருவரும் வரவில்லை. சித்தூரிலிருந்து அதை ஏற்றி வந்த வேன்காரன், இறக்கியதோடு தன் பொறுப்பு தீர்ந்தது என்று போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். கண்ணாடிக்குக் கீழே அவளுடைய நைனா முனிகிருஷ்ணன், ஆர்.டி.சி. பஸ் டிரைவர், ஐம்பத்து நான்கு வயது, விடிகாலையில் உயிர் போனவர், எந்த அவசரமும் இல்லாமல் படுத்திருந்தார். காலமெல்லாம் மணி பார்த்து வண்டி எடுத்த மனிதர், அன்றைக்கு அந்த வீட்டில் அவர் ஒருவர்தான் நிதானமாக இருந்தார்.

எதிர்வீட்டுக்குப் போய் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, பந்தலுக்குப் பின்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"அறுத்து எடுத்தும் திரும்ப வந்துடுச்சின்னா, உள்ள எவ்ளோ ஊத்தியிருப்பாரு, பாத்துக்கோ."

"டிரைவர் வேலை. போற ஊர்லல்லாம் தங்கல். யாரு கேக்கறது?"

பேசியவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒருவர் போன மாதம் நைனாவைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றிவிட்டவர். வன்மமும் இல்லை அந்தப் பேச்சில். இந்த வருஷம் மழை குறைச்சல் என்று சொல்வதுபோல, ஊரே அறிந்த ஒன்றைப் பேசினார்கள். அதுதான் அவளைச் சுருக்கென்று தைத்தது. இந்தக் கதை எப்போது கிளம்பியது, யார் கட்டியது என்று அவளுக்குப் புரியவில்லை.

நைனா குடியைத் தொட்டதில்லை. சித்தூர் டிப்போவில் வண்டி எடுக்கும் முன் ஒவ்வொரு டிரைவரும் ஒரு மிஷினில் ஊத வேண்டும். முந்தின நாள் குடித்திருந்தால்கூடக் காட்டிக்கொடுத்துவிடும். பள்ளிக்கூட லீவு நாட்களில் அவரோடு டிப்போவுக்குப் போயிருக்கிறாள் தேவயானி. டூட்டியில் இருப்பவர் சிரித்துக்கொண்டே, உனக்கு எதுக்கு முனி இதெல்லாம், நீ போ என்று தெலுங்கில் சொல்வார். நைனா போகமாட்டார். லிஸ்டில் பேர் இருக்கிறது சார், ஊதிவிட்டே போகிறேன் என்று நின்று ஊதி, பூஜ்யம் விழுந்ததை எட்டிப் பார்த்த பிறகுதான் சாவியைக் கையில் எடுப்பார். பூஜ்யம் வாங்கிவிட்டு அவ்வளவு பெருமையாக நடந்த மனிதரை அவள் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவருக்கு அவள் ஒரே பிள்ளை. திருப்பதியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. அதனால் ஆஸ்பத்திரிக்கு அலைந்ததெல்லாம் அவள்தான். இரண்டு வருஷத்துக்கு முன், ஆடி மாதம், ஈரலில் இருந்த கட்டியை அறுத்து எடுத்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாகவே முடிந்தது. ஆனால் குடியும் இல்லாமல், காமாலைக் கிருமியும் இல்லாமல் இது எப்படி வந்தது என்று டாக்டருக்குச் சந்தேகம். ரத்தத்தை ஐதராபாத்துக்கு அனுப்பி வைத்தார். ஒரு மாதம் கழித்து முடிவு வந்தது. அப்பாவையும் மகளையும் எதிரில் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். இது குடும்பத்தில் வழிவழியாக வருகிற மரபணுக் கோளாறு. கட்டியை எடுத்தாயிற்று, ஆனால் மிச்சமிருக்கிற ஈரலும் அதே மண்தான், அதில் மறுபடி முளைக்கலாம். உங்கள் அப்பா எப்படிப் போனார் என்று கேட்டார். வயிறு வீங்கி என்றார் நைனா. டாக்டர் தலையாட்டினார். கூடப் பிறந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், எல்லோரும் ரத்தம் கொடுத்து ஸ்கேன் பார்க்க வேண்டும்; சீக்கிரம் தெரிந்தால் சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிடலாம் என்றார்.

தேவயானி அந்த வாரமே ரத்தம் கொடுத்தாள். அவளுக்கும் இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுத்துக்கொண்டு, மற்ற நாட்களில் அதை மறந்து வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். சித்தப்பாவுக்கு நானே சொல்லிக்கொள்கிறேன் என்று நைனா சொல்லியிருந்தார். போனில் ஒரு தடவை கேட்டபோது, சொல்லியாச்சு, சொல்லியாச்சு என்றார். பதினான்கு மாதத்தில் கட்டி திரும்பி வந்தது. இந்தத் தடவை அறுக்க வழியில்லை என்றார்கள்.

பெட்டி ஓடத் தொடங்கியதும் அவள் பந்தலுக்கு வந்தாள். சித்தப்பா கோவர்த்தனன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், வலது விலாவுக்குக் கீழே உள்ளங்கையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பங்காருபாளையம் மண்டியில் மாங்காய் தரம் பிரிக்கிற வேலை அவருக்கு. தூக்கிப் போட்ட கூடையைப் பார்த்தே எடை சொல்லிவிடுகிற ஆள், இப்போது சட்டைக்குள் பாதியாக இருந்தார்.

"இன்னா சித்தப்பா, வலிக்குதா?"

"வாயு பாப்பா. ரெண்டு மாசமா துன்னது செரிக்கறதில்ல."

ரத்தம் கொடுத்தீர்களா, ஸ்கேன் எடுத்தீர்களா, நைனா சொன்னாரே என்று கேட்டாள். அவர் அவளை வேடிக்கையாகப் பார்த்தார்.

"எனக்கு எதுக்கு? நான் குடிக்கிறவனா?"

சித்தப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டு, செத்துக் கிடக்கிற நேரத்தில் பேசக் கூடாதுதான் என்று ஆரம்பித்து, பேசினார். அவருடைய மகள் கீர்த்தியின் நிச்சயத்துக்குக் கல்லூரிப் பரீட்சை வேலையால் தேவயானி வந்திருக்கவில்லை. அன்றைக்கு, நகரியிலிருந்து வந்த சம்பந்திகள் எதிரில், அண்ணனே எழுந்து நின்று சொன்னாராம். "கையக் கட்டிக்கினு சொன்னாரு பாப்பா. நான் குடிச்சிக் கெட்டவன், இது என்னோட போவட்டும்னு." ஆபரேஷன் செய்த உடம்பாயிற்றே என்று பாவமாக இருந்தாலும், மகளுடைய நல்ல காரியத்தில் வந்து இப்படி மானத்தை வாங்கிவிட்டாரே என்று வயிறு எரிந்ததாம். அதற்குப் பிறகு ஒரு வருஷம் அண்ணனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அம்மா செங்கம்மா வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். தேவயானி போய்ப் பக்கத்தில் நின்றாள். கேட்க வேண்டியதை அவள் முழுதாகக் கேட்கக்கூட இல்லை. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு நீ கேட்பாய் என்று தெரியும் என்பதுபோலச் சொல்லிவிட்டாள். நிச்சயத்துக்கு வந்த மாப்பிள்ளையின் அம்மா, அந்த நகரி அம்மாள், எல்லோருக்கும் நடுவில் ஒளிவுமறைவில்லாமல் கேட்டுவிட்டாளாம். தாத்தாவும் வயிறு வீங்கிப் போனார், இப்போது பெரிய மகனுக்கும் ஈரலில் கட்டி. இது ரத்தத்தில் வருவதா, நாளைக்கு எங்கள் பேரப்பிள்ளைக்கும் வருமா என்று. கீர்த்தி தாம்பாளத்தோடு அறை வாசலில் நிற்கிறாள். தையல் பிரித்து மூன்று மாதம்கூட ஆகாத மனிதர், சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நானும் அங்கதான் உக்காந்துக்கினு இருந்தேன். பொய்யின்னு எனக்குத் தெரியும். வாயத் தொறக்கல," என்றாள் அம்மா.

தன் தம்பி அண்ணாதுரையிடம்கூட அவள் சொல்லவில்லை. ரேஷன் கடை வரிசையில் குடிகாரன் பொண்டாட்டி என்று பெண்கள் பரிதாபப்பட்டு இடம் விட்டபோதும் சொல்லவில்லை. கீர்த்திக்கு ஒரு குழந்தை பிறக்கட்டும், அப்புறம் கோவர்த்தனனைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டிவிடுகிறேன் என்று நைனா சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்குள் அவருக்கே திரும்பிவிட்டது. கடைசி நாட்களில் பேச்சு வரவில்லை.

"சித்தப்பா விலாவப் புடிச்சிக்கினு கீறாரும்மா."

"பாத்தேன்." அம்மா குழாயை இறுக்கி மூடினாள். "கீர்த்திக்கு அஞ்சு மாசம். சம்பந்தியம்மா மொத வரிசையில உக்காந்துக்கினு கீது. அவுரு ரெண்டு வருஷம் சுமந்தத நீ இன்னிக்கே போட்டு உடைக்கணுமா?"

அம்மா உள்ளே போன பிறகும் தேவயானி அங்கேயே நின்றாள். கோபம் வர வேண்டிய இடம் அது. தம்பியின் உயிரை வைத்து இப்படி ஒரு பொய்யா என்று கேட்க வேண்டிய இடம். ஆனால் முதலில் வந்தது கோபம் இல்லை. பூஜ்யத்தைத் தன் கண்ணால் பார்க்காமல் சாவியைத் தொடாத ஒரு மனிதர், முன்பின் தெரியாதவர்கள் எதிரில், நான் குடிகாரன் என்று கைகட்டி நின்றிருக்கிறார். தனக்கென்று இருந்த ஒரே கர்வத்தை எடுத்துத் தம்பி மகளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டார். நினைக்க நினைக்க அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அழுகையும் கூடவே வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்தாள். காரியமெல்லாம் முடியட்டும், சித்தப்பாவிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லிவிடலாம். அவர் நம்புவாரா, செத்த அண்ணன் வாயால் சொன்னதை விட்டு இவள் பேச்சைக் கேட்பாரா, மாமியார் வீட்டுக்குத் தெரியாமல் கீர்த்தி எப்படி ரத்தம் கொடுப்பாள் என்பதெல்லாம் அப்போதைக்கு அவள் யோசிக்கவில்லை.

மூன்று மணிக்கு எடுப்பது என்று பேசியிருந்தார்கள். குளிப்பாட்டி, வாய்க்கரிசி போட்டு முடிந்தது. அதன் பிறகு, செத்தவருக்கு உயிரோடு இருக்கையில் எது ஆசையோ அதைத் தலைமாட்டில் வைத்து அனுப்புவது அந்த ஊர் வழக்கம். வெற்றிலை வைப்பார்கள், பீடிக்கட்டு வைப்பார்கள். ஒருவருக்குச் சீட்டுக்கட்டு வைத்ததைக்கூடத் தேவயானி பார்த்திருக்கிறாள். அண்ணாதுரை மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். ஆட்டோ ஓட்டுகிறவன், காலையிலிருந்து அழுது கண் சிவந்திருந்தது. துண்டுக்குள்ளிருந்து ஒரு குவார்ட்டர் பாட்டிலை எடுத்து, மாமா மாமா என்று விசும்பிக்கொண்டே, நைனாவின் தலைக்குப் பக்கத்தில் வைத்தான்.

ஒருவர் முகமும் மாறவில்லை. வைக்க வேண்டியதைத்தான் வைத்தான் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூடியைத் திறந்து வை, அண்ணாதுரை என்று ஒரு பெரியவர் எடுத்துக்கூடக் கொடுத்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

தேவயானி சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் கை அதே இடத்தில், விலாவுக்குக் கீழே இருந்தது. நைனாவின் பொய் செய்ய வேண்டிய வேலையைச் செய்து முடித்துவிட்டது. கீர்த்தி கழுத்தில் தாலி இருக்கிறது, வயிற்றில் பிள்ளை இருக்கிறது. இனிமேலும் அதை விட்டுவைத்தால் அது சித்தப்பாவையும் கொண்டுபோகும். இன்னொன்றும் இருந்தது, அதை அவள் பிற்பாடு மறைக்கவும் இல்லை. அந்தப் பாட்டிலோடு தன் அப்பாவைச் சுடுகாட்டுக்கு அனுப்ப அவளால் முடியவில்லை.

"எடுத்துடு மாமா. எங்க நைனா குடிக்கல."

அண்ணாதுரை அவள் தோளைத் தொட்டு மெதுவாகச் சொன்னான். "அவுரே ஒத்துக்கினதுதானே தேவா. செத்தவருகிட்ட எதுக்கு மறைப்பு?"

"ஒத்துக்கினாரு. அது பொய்." அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "இது குடியால வந்தது இல்ல. ரத்தத்துல வர்றது. தாத்தாவுக்கு இருந்தது, நைனாவுக்கு இருந்தது, எனக்கும் கீது. கீர்த்தி கல்யாணம் நின்னுடக் கூடாதுன்னு பழியத் தன் தலையில போட்டுக்கினாரு. சித்தப்பாவும் புள்ளைங்களும் போய் ரத்தம் குடுத்துப் பாக்கணும். இத்த நான் சொல்லலன்னா அடுத்தது சித்தப்பாதான்."

மேளக்காரர்கள் தாமாகவே நிறுத்திவிட்டார்கள். டிப்போவிலிருந்து மாலையோடு வந்திருந்தவர்களில் கண்டக்டர் சிரஞ்சீவி ஒருவர். நடந்தது முழுதாகப் புரிய அவருக்குக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. முனியண்ணன் குடிப்பாரா, யார் சொன்னது என்று தெலுங்கில் கேட்டார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் எல்லோரையும் பார்த்துச் சொன்னார்.

"பதினேழு வருசம் அவரு வண்டில நான் டிக்கெட் கிழிச்சேன். டிப்போக்கு வாங்க. தினம் ஊதின பேப்பர் இருக்குது. காட்டறேன்."

அம்மா எழுந்தாள். பாட்டிலை எடுத்துத் தம்பியின் துண்டிலேயே சுற்றி அவன் கையில் கொடுத்தாள். உள்ளே போய், அலமாரியிலிருந்து ஒரு இஞ்சி மரப்பா பொட்டலத்தைக் கொண்டுவந்து வைத்தாள். நைனா அதைப் பாகாலா ஸ்டாப்பில் வாங்கி, மலைப்பக்கம் தூக்கம் சொக்காமலிருக்க வழியெல்லாம் மென்றுகொண்டு போவார். வைத்துவிட்டு மகளைத் திரும்பிப் பார்க்காமல் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். ஆனால் பந்தலில் இருந்த அத்தனை பேரையும், ஒவ்வொரு முகமாக, தலை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு வருஷமாக அவள் அப்படிப் பார்த்து ஒருவரும் கண்டதில்லை.

சித்தப்பா முன்னால் வந்தார். அண்ணன் காலடிக்குப் போய்க் குனிந்து, இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டார். சித்தப்பாவின் மகன் கிரண்குமார் கொள்ளிச்சட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நின்ற பிறகும் விடவில்லை. நேரமாகிறது என்று யாரோ கையைப் பிரித்துவிட்டார்கள்.

ஆண்கள் போன பிறகு நகரி அம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்து, வா என்று கீர்த்தியைக் கையசைத்துக் கூப்பிட்டுக்கொண்டு காருக்கு நடந்தாள். போய் வருகிறேன் என்று சொல்லவில்லை. சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாது, யாரும்தான் சொல்லவில்லை. அதனால் அவள் போனது கோபத்திலா வழக்கத்திலா என்று கண்டுபிடிக்க வழியே இல்லாமல் போயிற்று. கீர்த்தி ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கும் தேவயானியால் பொருள் சொல்ல முடியவில்லை.

அடுத்த இரண்டு நாளும் தேவயானி அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். அப்பா கட்டிக்கொடுத்த வாழ்க்கையை மகள் வந்து கலைத்துவிட்டாளோ என்று ஒரு நேரம் தோன்றும். சித்தப்பா மூச்சு வாங்க நடந்து வருவதைப் பார்த்தால் சரியாகத்தான் செய்தோம் என்று தோன்றும். மூன்றாம் நாள் பால் ஊற்றும் காரியத்துக்கு நகரியிலிருந்து கீர்த்தியின் புருஷன் மட்டும் வந்தான். ஒரு ஓரமாக நின்று கும்பிட்டான். சாப்பிடச் சொன்னதற்கு வேலை இருக்கிறது என்றான். அவனும் சொல்லிக்கொள்ளாமலே போனான். அம்மா அவன் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாளே தவிர, நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சாயங்காலம் சித்தப்பா வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"வெறும் வயித்துலதானே போவணும்?"

மறுநாள் முதல் பஸ்ஸில் சித்தப்பா, கிரண்குமார், தேவயானி மூவரும் திருப்பதிக்குப் போனார்கள். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கிற பக்கம் பெஞ்சுகள் அந்நேரத்துக்கே பாதி நிறைந்திருந்தன. முதல் பெஞ்சில், மடியில் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டு நகரி அம்மாள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கீர்த்தி, சுவரில் தலை சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள்.

நகரி அம்மாள்தான் அவர்களைப் பார்த்துவிட்டு, காலையிலேயே சண்டைக்கு வருகிறவள் மாதிரி பேசினாள்.

"இம்மா நேரமா? இவ அப்பா ராத்திரி போன்ல சொன்னதும், நாலு மணிக்கே எழுந்து கார் வெச்சிக்கினு வந்துட்டோம். இவ தண்ணி கூட குடிக்கல. இந்தப் பொண்ணுக்கும் சேத்து நாலு டோக்கன் வாங்கிட்டேன்." பையைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்து சித்தப்பாவுக்கு இடம் விட்டாள்.

முதலில் சித்தப்பாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த நர்ஸ் தெலுங்கில் வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தாள். வீட்டில் யாருக்கு இருந்தது? அண்ணனுக்கு. எப்போது போனார்? நாலு நாள் ஆயிற்று. அவருக்குக் குடிப்பழக்கம் உண்டா?

சித்தப்பா முதலில் தமிழில் சொன்னார்.

"இல்லம்மா. ஒரு சொட்டு கூட இல்ல."

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். அவர் அதையே தெலுங்கில், பின் பெஞ்சு வரைக்கும் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னார். போய் உட்காருங்கள், கூப்பிடுகிறோம் என்றாள் அவள். அவள் அந்த இடத்தில் பேனாவை வைத்து எழுதி முடிக்கும் வரை சித்தப்பா மேசையை விட்டு நகரவில்லை.